குற்றம் சாட்டாத மேடை: தருமபுரியின் பெண்சிசுக்கொலையும் கலைப்பயணமும்

கேள்வி

1990களில் தமிழ்நாட்டின் ஒரு நிலப்பட்டையில், பிறந்து சில நாட்களே ஆன பெண் குழந்தைகள் நோயின்றி இறந்துகொண்டிருந்தன. மதுரை மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் தொடங்கித் திண்டுக்கல், சேலம், தருமபுரி வழியாக வேலூர்ப் பக்கம் வரை நீண்டது அந்தப் பட்டை. ஆரம்ப சுகாதார நிலையங்களின் பதிவேடுகளை வைத்து அதைப் பொருளியலாளர் வெங்கடேஷ் ஆத்ரேயாவும் இந்திய ஆட்சிப்பணி அதிகாரி ஷீலா ராணி சுங்கத்தும் 1997இல் ஓர் ஆய்வுக் கட்டுரையில் அடையாளம் காட்டினார்கள். கிராம சுகாதார செவிலியர்கள் இவ்வகை இறப்புகளைச் ‘சமூகக் காரணம்’ என்று பதிவேட்டில் குறித்துவந்தார்கள். அரசிடம் கணக்கு இருந்தது. கொலைக்கான சட்டம் எப்போதும் இருந்தது. 1992 முதல் பணத் திட்டமும் தொட்டில் திட்டமும் இருந்தன. இறப்பு நிற்கவில்லை.

1990களின் பிற்பகுதியில் தருமபுரி மாவட்டத்தில் வேறொரு வழி முயலப்பட்டது. டென்மார்க் அரசின் டானிடா நிதியுதவியோடு நடந்த சுகாதாரத் திட்டத்தின் பகுதியாகக் கலைக்குழுக்கள் உருவாக்கப்பட்டு, ஊர் ஊராகச் சென்று வீதி நாடகங்கள் நடத்தின. அதற்குக் கலைப்பயணம் என்று பெயர். அடுத்த சில ஆண்டுகளில் பதிவான சிசுக்கொலைகள் குறைந்தன.

இந்தக் குறைவில் கலைக்கு எவ்வளவு பங்கு என்பதே இக்கட்டுரையின் கேள்வி. வளர்ச்சித் திட்ட அறிக்கைகள் தரும் வழக்கமான விடை ஒன்று உண்டு: ‘விழிப்புணர்வு ஏற்பட்டது.’ இந்த விடையை நான் ஏற்கவில்லை. பெண் குழந்தையைக் கொல்வது தவறு என்று தெரியாததால் யாரும் கொல்லவில்லை. எனவே தெரிவித்ததால் யாரும் நிறுத்தியிருக்க முடியாது. நாடகம் செய்தது வேறு. ஊர் முழுக்கத் தெரிந்தும் யாரும் பொதுவில் பேசாத ஒன்றை, தாயைக் கூண்டில் நிறுத்தாமல், ஊரார் கூடியிருந்த இடத்தில் அது பேசவைத்தது. அந்த வலிமை எங்கிருந்து வந்தது, கொலை வீட்டிலிருந்து ஸ்கேன் அறைக்கு இடம் மாறியதும் அது ஏன் தளர்ந்தது என்பதைச் சான்றுகளோடு பார்க்க வேண்டும்.

சட்டம், பணம், தொட்டில்

கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஹார்ஸ்ட் ரிட்டலும் மெல்வின் வெப்பரும் 1973இல் எழுதிய ஒரு கட்டுரை, சமூகத் திட்டமிடலில் சிக்கல்கள் ஏன் தீராமல் நீள்கின்றன என்பதை ஆராய்ந்தது. அவர்கள் சொன்னவற்றில் நமக்கு இங்கே வேண்டியது ஒன்றுதான்: இத்தகைய சிக்கலை நாம் எப்படி வரையறுக்கிறோமோ அந்த வரையறைக்குள்ளேயே தீர்வும் அடங்கிவிடுகிறது. வரையறை தவறினால் தீர்வைத் திருத்தி எழுதிப் பயனில்லை.

பெண்சிசுக்கொலைக்குத் தமிழ்நாட்டில் மூன்று வரையறைகள் அடுத்தடுத்து வந்தன. முதலாவது, இது கொலைக்குற்றம் என்பது. இதன்படி தாய்மார் சிலர் கைதானார்கள். ஆயுள் தண்டனைத் தீர்ப்புகளும் வந்தன. பிள்ளை பெற்ற உடம்போடு படுத்திருந்தவள் சிறைக்குப் போனாள். மருத்துவமனைக்கு எட்டிப் பார்க்காத கணவனும், ‘மூணாவதும் பொண்ணா’ என்று முகம் திருப்பிய உறவுகளும் வழக்குக் கட்டுக்குள் வரவே இல்லை. சட்டத்தால் தேட முடிந்தது செய்த கையை மட்டும். இந்தச் செயலுக்கோ பல கைகள்.

இரண்டாவது, இது வறுமை என்பது. 1992இல் தமிழக அரசு கொண்டுவந்த பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டம் இதன் வழி நின்றது: மகள் பெயரில் பணம் போட்டால் அவள் சுமையாக மாட்டாள் என்பது கணக்கு. ஆனால் சிசுக்கொலை நடந்த குடும்பங்களில் நிலமுள்ளவர்களும் இருந்தார்கள். ஆய்வாளர் சாபு ஜார்ஜும் அவருடன் இருந்தோரும் அன்றைய வடாற்காடு மாவட்டம் கே.வி. குப்பம் வட்டாரத்தில் 12 ஊர்களை ஆராய்ந்து 1992இல் வெளியிட்ட கட்டுரையின்படியும் சில ஊர்களில் இப்பழக்கம் இருக்கிறது, பக்கத்து ஊர்களில் இல்லை. ஏழ்மைதான் காரணமென்றால் இந்த வேறுபாட்டுக்கு விளக்கம் சொல்ல முடியாது. மதுரைக்கு மேற்கே உள்ள உசிலம்பட்டிப் பகுதியைப் பற்றிப் பலரும் எடுத்துச் சொன்ன வரலாறும் நேர் எதிரானது: 1959இல் வைகை அணை வந்து, பாசனம் பெருகி, கையில் காசு புழங்கத் தொடங்கிய பிறகே, மாப்பிள்ளை வீட்டார் பரிசம் கொடுத்த நிலை மாறி வரதட்சணை கேட்கும் நிலை வந்தது என்பார்கள். செழிப்பு வந்த வழியிலேயே மகளின் விலையும் ஏறியது.

மூன்றாவது, இது வேண்டாத குழந்தை பற்றிய சிக்கல் என்பது. கொல்லாதீர்கள், எங்களிடம் கொடுத்துவிடுங்கள் என்றது 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம். அது உயிர்களைக் காத்தது. அதைக் குறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. ஆனால் பெண்கள் இயக்கங்கள் அப்போதே சொன்ன மறுப்பு இன்றும் வலுவானது: பெண் குழந்தையைக் கைவிடலாம், அரசு எடுத்துக்கொள்ளும் என்ற செய்தியையும் தொட்டில் சேர்த்தே சொன்னது.

இவற்றோடு நான்காவதாக ஊடகத்தின் வரையறை ஒன்றும் உண்டு. 1986இல் ஓர் ஆங்கில இதழ் உசிலம்பட்டிச் செய்தியை அட்டைக் கட்டுரையாக்கியது. 1994இல் பாரதிராஜாவின் ‘கருத்தம்மா’ திரைப்படம் வந்து குடும்ப நலனுக்கான தேசிய விருதும் பெற்றது. இந்தப் படத்தின் நன்மை பெரிது. வீடுகளுக்குள் கிசுகிசுக்கப்பட்டதைத் திரையரங்கில் அது சத்தமாகச் சொன்னது. ஆனால் செய்தியும் திரையும் சேர்ந்து கள்ளிப்பால், கிழவி, குறிப்பிட்ட ஒரு சாதி, குறிப்பிட்ட ஓர் ஊர் என்று ஒரு படிமத்தை நிலைநிறுத்தின. சேலத்திலும் தருமபுரியிலும் இருந்தவர்கள் இதை உசிலம்பட்டிக்காரர்களின் கதையாகப் பார்த்துவிட்டு எழுந்து போக முடிந்தது. கலை தானாகவே நன்மை செய்யும் என்று நம்புவோருக்கு இதில் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. கொடுமையைச் சித்தரிக்கும் கலை, அதைச் செய்பவர் வேறு யாரோ என்ற நிம்மதியையும் பார்வையாளருக்குக் கொடுத்துவிடலாம்.

சடங்குகளின் கணக்கு: ‘பச்ச மண்ணு’

அரசு கலைப்பயணத்தை எடுக்கும் முன்பே பெண்ணிய நாடகக்காரர்கள் இந்தக் களத்தில் இருந்தார்கள். அ. மங்கை இயக்கிய ‘பச்ச மண்ணு’ நாடகம் இவ்வகையில் முதலில் பேச வேண்டிய முயற்சி. தமிழில் நவீன வீதி நாடகம் வேர்பிடித்ததில் 1980இல் சென்னையை அடுத்த சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் வங்க நாடகக்காரர் பாதல் சர்க்கார் நடத்திய பயிற்சிப் பட்டறைக்குப் பெரிய இடம் உண்டு. ஒப்பனையும் மேடையும் இல்லாமல் நடிகரின் உடம்பையும் குரலையும் நம்பி எங்கும் நாடகம் போடலாம் என்ற துணிவை அது தந்தது. 1984இல் பிரளயன் தொடங்கிய சென்னைக் கலைக்குழு போன்றவை அந்தத் துணிவை அரசியல் மேடைக்குக் கொண்டுபோயின. மங்கை அதைப் பெண்களின் வாழ்க்கைக்குத் திருப்பினார். இந்த நாடக அனுபவத்தைப் பற்றி அவரே 1998இல் ஓர் ஆய்விதழில் எழுதியிருக்கிறார்.

‘பச்ச மண்ணு’ கொலையைக் கதையின் மையத்தில் வைக்கவில்லை. பெண்ணின் வாழ்க்கைச் சடங்குகளை அது எடுத்துக்கொண்டது. இந்தத் தேர்வின் கூர்மையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, நிச்சயதார்த்தம், கல்யாணம், தலைத்தீபாவளி, வளைகாப்பு, தலைப்பிரசவம், பேரப்பிள்ளைக்கு மறுபடியும் காதுகுத்து. ஒவ்வொன்றும் வீட்டில் மகிழ்ச்சியான நாள். ஒவ்வொன்றிலும் பாட்டு, சாப்பாடு, உறவு, புகைப்படம். ஒவ்வொன்றிலும் பெண்ணைப் பெற்றவர்களிடமிருந்தும் தாய்மாமனிடமிருந்தும் மறுபக்கத்துக்கு ஏதாவது போகிறது. தனித்தனியாகப் பார்த்தால் அன்பு. அடுத்தடுத்து ஒரே இடத்தில் நிகழ்த்திக் காட்டினால் கணக்கு. வரதட்சணை என்று ஒற்றைச் சொல்லில் சொல்லும்போது எல்லாரும் அதைக் கண்டிக்கிறார்கள், சீர் என்று சொல்லும்போது எல்லாரும் அதைச் செய்கிறார்கள். வாழ்நாள் முழுக்க நீளும் இந்தக் கொடுக்கல் சங்கிலியைப் புள்ளிவிவர அட்டவணையால் காட்ட முடியும். ஆனால் அதில் தாங்களும் எத்தனையோ முறை உட்கார்ந்து பாடிய பெண்களுக்கு, அதே பாட்டின் நடுவில் அதை உணர்த்த நாடகத்தால்தான் முடியும்.

இந்த நாடகம் ரிட்டலும் வெப்பரும் சொன்ன இடத்தில் கை வைத்தது. சிக்கல் பிரசவ அறையில் இல்லை, பந்தலில் இருக்கிறது என்று வரையறையை அது மாற்றியது. பந்தலில் உட்கார்ந்திருப்பவர்கள் ஊரார் எல்லாரும். ‘கொல்லாதே’ என்று சொல்லிப் பார்வையாளரில் சிலரை மட்டும் குற்றவாளியாக்கும் வழியை விட்டு, எல்லாரையும் பங்காளியாக்கும் வழியை அது கண்டது.

தருமபுரிக் கலைப்பயணம்

கலைப்பயணம் என்ற வடிவத்துக்கு ஒரு வம்சாவளி உண்டு. மக்கள் அறிவியல் அமைப்பான கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் 1980இல் தொடங்கிய சாஸ்திர கலா ஜாதாதான் அதன் மூலம்: பயிற்சி பெற்ற குழு, பாட்டும் குறுநாடகமுமாக ஒரு நிகழ்ச்சி, ஒரு நாளில் பல ஊர்கள். 1987இலும் 1990இலும் நாடு தழுவிய அறிவியல் ஜாதாக்களாக அது விரிந்தது. தமிழ்நாட்டில் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் வழியாக அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தில் அது உச்சம் தொட்டது. புதுக்கோட்டையில் அறிவொளி நடந்தபோது ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். அந்த இயக்கத்தில் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்டது நாடறிந்த செய்தி. கல்வித் துறையின் சுற்றறிக்கைகள் எட்டாத இடத்தைப் பாட்டு எட்டியதை அருகிலிருந்து பார்த்த ஒருவர், பிறகு சிசுக்கொலைக் கணக்கை ஆராய்ந்தபோது கலைப்பயணம் நினைவுக்கு வந்தது இயல்புதான்.

தருமபுரி முயற்சியைப் பற்றி ஆத்ரேயாவும் சுங்கத்தும் 2000ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரை அதைச் சமூக அணிதிரட்டல் என்று விளக்குகிறது. மாவட்டத்து இளைஞர்களும் இளம்பெண்களும் குழுக்களில் இருந்தார்கள். தாயைக் கொலைகாரியாகக் காட்டுவதில்லை என்பது அணுகுமுறையின் அடிப்படை. பெண் பிறப்பதற்குத் தாய் காரணமில்லை என்ற உயிரியல் உண்மை முதல் வரதட்சணை, படிப்பு, வேலை, கூலி வரை பேசப்பட்டன. 1996 உள்ளாட்சித் தேர்தலில் மூன்றில் ஒரு பங்கு இடங்களில் பெண்கள் வென்று வந்திருந்த நேரம் அது. மேடை பேசியதை ஊராட்சியில் தொடரக்கூடிய பெண்கள் முதல்முறையாகப் பதவியில் இருந்தார்கள்.

இந்தப் பகுதி கூத்துக்குப் புதிதல்ல. தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரங்களில் திரௌபதி அம்மன் விழாவில் பல நாள் பாரதக் கூத்து நடக்கும். படுகளத்தன்று ஊரே திடலில் கூடும். சபையில் இழுத்துவரப்பட்ட ஒரு பெண் பெரியவர்களைப் பார்த்து நியாயம் கேட்பதும், அவர்கள் பதிலின்றி இருப்பதும் இந்த மக்களுக்கு மீண்டும் மீண்டும் பழகிய காட்சி. அநியாயம் நடக்கையில் வாய்மூடி இருந்த சபையும் குற்றவாளியே என்ற உணர்வு அந்த மரபில் ஊறியது. வீதி நாடகக் குழுக்கள் கூத்தின் ஆட்டத்தையோ அடவையோ எடுத்தாளவில்லை என்றாலும், கூத்து பயிற்றுவித்த பார்வையாளர்கள் அவர்களுக்குக் கிடைத்தார்கள் என்பது என் கருத்து. மக்கள் கலையைச் செய்தி ஏற்றும் வண்டியாக மட்டும் பார்க்கும் திட்டக்காரர்கள் இதைக் கவனிப்பதில்லை.

மந்தையில் நாடகம் நடந்தால் மாமியார், மருமகள், கணவன், மாமன், மருத்துவச்சி, ஊராட்சித் தலைவர் எல்லாரும் ஒரே நேரத்தில் ஒன்றையே பார்க்கிறார்கள். செவிலியர் வீட்டுக்கு வந்து பேசினால் அது அந்த வீட்டோடு போகும். நாடகம் முடிந்தபின், ‘எனக்குத் தெரியாது’ என்று இனி யாரும் சொல்ல முடியாது என்பதைவிட, ‘உனக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும்’ என்ற நிலை உருவாகிறது. ஊரறிந்த இரகசியம் அதுவரை உயிரோடிருந்தது இந்த இரண்டாவது அறிவு இல்லாததால்தான். அடுத்த முறை ஒரு வீட்டில் பெண் பிறக்கும்போது பக்கத்து வீட்டுப் பெண் போய்ப் பார்க்கலாம், கேட்கலாம். கேட்டால் அது வம்பளப்பு ஆகாது. கர்ப்பிணி ஒருத்தி மகளிர் சங்கத்துப் பெண்களிடம் தன் அச்சத்தைச் சொல்லலாம். பேச்சுக்கு ஊர் கொடுத்த அந்த அனுமதியே கலைப்பயணத்தின் உண்மையான விளைவு என்று கருதுகிறேன்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அது கனமானது. நாடகக் குழுவை அனுப்பியது சுகாதாரத் துறை. கர்ப்பிணிகளைக் கண்காணிப்பதும் இறப்பைப் பதிவதும் அதே துறை. மேடையில் குற்றம் சாட்டாத அரசு, பதிவேட்டில் கண்ணை வைத்திருந்தது. ஆக, மக்கள் மாறியது உரையாடலாலா, அச்சத்தாலா? பிரேசில் நாடகக்காரர் அகஸ்தோ போவால் தம் நூலில் சொல்லும் ஓர் அனுபவம் இங்கே பொருந்தும். நிலத்துக்காக இரத்தம் சிந்துவோம் என்று மேடையில் பாடிய அவருடைய குழுவிடம் விவசாயி ஒருவர் வந்து, அப்படியானால் துப்பாக்கிகளோடு எங்களுடன் வாருங்கள் என்று அழைத்தார். நடிகர்களின் கையில் இருந்தவை நாடகத் துப்பாக்கிகள். தாம் ஏற்கத் துணியாத ஆபத்தை ஏற்குமாறு மற்றவருக்கு உபதேசிக்கக் கூடாது என்று அன்று முடிவெடுத்த போவால், பின்னர் பார்வையாளரே மேடையேறித் தீர்வை நடித்துப் பார்க்கும் மன்ற அரங்கை உருவாக்கினார். 1993 முதல் 1996 வரை ரியோ நகர மன்ற உறுப்பினராக இருந்தபோது, அப்படி மக்கள் நடித்துப் பார்த்தவற்றிலிருந்தே சட்ட முன்வரைவுகள் எழுந்தன; 13 சட்டங்கள் நிறைவேறின.

அந்த அளவுகோலில் தருமபுரிக் கலைப்பயணம் பெரும்பாலும் சொல்லும் நாடகமே. கேட்கும் நாடகம் அல்ல. பார்வையாளர் மேடையேறவில்லை. ஆனால் போவாலின் குழுவுக்கு இல்லாத ஒன்று இந்தக் குழுக்களுக்கு இருந்தது. நடித்தவர்கள் அதே மாவட்டத்துப் பிள்ளைகள். அவர்களுக்கும் தங்கைகள் உண்டு, கல்யாணம் காத்திருந்தது. பொது இடத்தில் ஆண்களோடு சேர்ந்து ஆடிப்பாடிய இளம்பெண்கள் தங்கள் ஊரின் ஏச்சை ஏற்றுக்கொண்டே ஆடினார்கள். அவர்கள் ஏற்ற ஆபத்து நாடக ஆபத்து இல்லை.

சான்று எவ்வளவு தாங்கும்

ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேடுகளின்படி தருமபுரியில் சிசுக்கொலை குறிப்பிடத்தக்க அளவு சரிந்ததை ஆத்ரேயாவும் சுங்கத்தும் காட்டினார்கள். ஷாரதா சீனிவாசனும் அர்ஜுன் பேடியும் பின்னர் செய்த ஆய்வுகளும், தமிழ்நாட்டில் பிறந்தபின் நிகழும் பெண் குழந்தை இழப்பு 1990களின் பிற்பகுதியிலிருந்து குறைந்துவந்ததை உறுதிசெய்தன. குறைவு உண்மை. அதற்குக் காரணம் நாடகம் என்பதற்குத்தான் சான்று தேவை.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பை எடுத்துக்கொள்வோம். 6 வயதுக்குட்பட்ட 1000 ஆண் குழந்தைகளுக்குப் பெண் குழந்தைகள் சேலத்தில் 1991இல் 849, 2001இல் 851, 2011இல் 916. இன்றைய எல்லைகளின்படி தருமபுரியில் 2001இல் 826, 2011இல் 913. மாநிலச் சராசரியோ இந்த இருபது ஆண்டுகளில் 948, 942, 943 என்று ஏறத்தாழ அசையாமல் நிற்கிறது. 2001இன் எண்ணைக் காட்டிக் கலைப்பயணம் தோற்றது என்று சொல்வது தவறு. அந்தக் கணக்கெடுப்பில் வரும் குழந்தைகளில் பாதிப் பேர் கலைப்பயணத்துக்கு முன் பிறந்தவர்கள். 2011இன் எண்ணைக் காட்டி வென்றது என்று சொல்வதும் தவறு. இடைப்பட்ட பத்தாண்டில் ஒன்றல்ல, பல மாற்றங்கள் நிகழ்ந்துவிட்டன.

அந்த மாற்றங்களில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் முதன்முதலில் அரசுத் திட்டமாகத் தொடங்கியது தருமபுரியில்தான், 1989இல், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு. கலைப்பயணம் போன ஊர்களில் பெண்கள் கூடிப் பேசிப் பழகிப் பத்தாண்டு ஆகியிருந்தது. செவிலியர்களின் வீட்டு வருகையும் கூடியிருந்தது. தமிழ்நாட்டில் ஒரு பெண் சராசரியாகப் பெறும் குழந்தைகள் 1992-93இல் ஏறத்தாழ 2.5 ஆகவும் 1998-99இல் 2.2 ஆகவும் இருந்ததாகத் தேசியக் குடும்பநல ஆய்வுகள் காட்டுகின்றன; நான்காவது, ஐந்தாவது மகளாகப் பிறக்கும் ஆபத்தே அருகியது. இவற்றிலிருந்து நாடகத்தின் பங்கைப் பிரித்து எண்ணில் எழுத முடியாது.

அதற்காகக் கலையின் பங்கு நிரூபிக்கப்படவில்லை என்று தள்ளிவிடுவது நேர்மையான முடிவல்ல. மருந்துக்கு வைக்கும் சோதனையை நாடகத்துக்கும் வைத்தால், மற்றவற்றோடு சேர்ந்துதான் அது வேலை செய்கிறது என்ற அதன் இயல்பே குறையாகத் தெரியும். மகளிர் சங்கம் இல்லாத ஊரில் நாடகம் ஒரு மாலைப் பொழுதுபோக்காக முடிந்திருக்கும். நாடகம் வராத ஊரில் சங்கம் கடன் தவணையைப் பற்றி மட்டும் பேசிக் கலைந்திருக்கும். இப்படிச் சொல்வதற்கு எனக்கு ஆதாரம் புள்ளிவிவரம் அல்ல, காரண ஒழுங்கு. இதைச் சோதிக்க நாடகப் பிரதிகள், குழுவினரின் நினைவுகள், செவிலியர்களின் வாய்மொழி எல்லாம் வேண்டும். அன்று இருபது வயதில் ஆடியவர்களுக்கு இன்று ஐம்பதை நெருங்குகிறது. அவர்களைத் தேடிப் போய்க் கேட்பது அவசரமான வேலை.

ஸ்கேன் அறை

கலைப்பயணம் நடந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில் ஸ்கேன் மையங்கள் சிறு நகரங்களுக்குப் பரவின. கருவின் பால் அறிதலைத் தடுக்கும் சட்டம் 1994இல் நிறைவேறி 1996 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது, 2003இல் கடுமையாக்கப்பட்டது. தமிழ்நாட்டில் 1998இல் பால்தேர்வுக் கருக்கலைப்புக்கு எதிரான கூட்டியக்கம் உருவானதே அபாயம் எவ்வளவு வெளிப்படையாக இருந்தது என்பதற்குச் சான்று. 2011 கணக்கெடுப்பில் பழைய பட்டையின் எண்கள் உயர்ந்தபோது, மாநிலத்திலேயே மிகத் தாழ்ந்த எண்கள் கடலூரிலும் (896) அரியலூரிலும் (897) தென்பட்டன. 2001இல் இந்த இரு மாவட்டங்களும் மாநிலச் சராசரிக்கு மேலே இருந்தவை. சிசுக்கொலைக்குப் பெயர்போகாத இடங்களில் பெண் குழந்தைகள் குறைந்தார்கள்.

இந்தச் சூழலில் பழைய நாடகம் ஏன் எடுபடவில்லை? கொலை வீட்டில் நடந்தபோது பிரசவம் பார்த்தவள் முதல் எதிர் வீட்டுக்காரி வரை சாட்சிகள் இருந்தார்கள். மந்தையில் கூடியவர்கள் அந்தச் சாட்சிகள். ஸ்கேன் அறையில் நடப்பது பக்கத்து நகரத்தில், கணவன், மனைவி, மருத்துவர் மூவருக்குள். ஊருக்குக் கர்ப்பமே தெரிந்திருக்காது. பேசப்பட வேண்டிய பொது இரகசியம் எதுவும் அங்கே இல்லாததால், பேசவைக்கும் கலைக்குப் பிடிமானமும் இல்லை. ஸ்கேன் அறையைப் பற்றிய நாடகத்துக்கு வேண்டிய பார்வையாளர்கள் மருத்துவக் கல்லூரிகளிலும் மருத்துவர் சங்கக் கூட்டங்களிலும் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்து, அங்கே கலைக்குழுவை அழைத்துப் போக எந்தத் திட்டமும் முன்வரவில்லை. ஏழைகளின் தெருவில் நாடகம் போடுவதற்கு நிதி கிடைக்கிறது; படித்தவர்களின் அரங்கில் போடுவதற்குக் கிடைப்பதில்லை. கலையைச் சமூகச் சிக்கலுக்குப் பயன்படுத்துவோரிடம் நான் காணும் பெரிய கோளாறு இதுதான்: யாருக்கு நாடகம் தேவை என்பதை அதிகாரத்தின் ஏணியில் எப்போதும் கீழ்நோக்கியே முடிவு செய்கிறார்கள்.

இன்னொரு ஆபத்தும் வந்து சேர்ந்தது. கருவே பேசுவதாக, ‘அம்மா என்னைக் கொல்லாதே’ என்ற தொனியில் அமைந்த நாடகங்களும் கவிதைகளும் பள்ளி விழாவரை பெருகின. பார்ப்பவர் கண்ணில் நீர் வரவழைக்கும் உத்தி அது. ஆனால் கருவுக்குக் குரல் கொடுத்ததும் பெண்ணின் குரல் அடங்குகிறது. 1971ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதிக்கும் கருக்கலைப்பும் கொலையாகத் தோன்றுகிறது. கலைப்பயணம் பாடுபட்டு விலக்கிய தாய்மீதான குற்றச்சாட்டு, கண்ணீரின் வழியாகத் திரும்பி வந்துவிட்டது. வடிவத்தைத் தேர்ந்தெடுப்பது அரசியல் தேர்வு என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

பாட்டில் இருக்கும் நிலம்

கலையைக் கருவியாக எடுத்தவர்கள் கலையைச் சான்றாகப் படிக்கவில்லை. மானுடவியல் துறைகளும் இலக்கியத் துறைகளும் உதவக்கூடிய இடம் இதுவே. நா. வானமாமலையின் ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ போன்ற தொகுப்புகளிலுள்ள தாலாட்டுகளையும் ஒப்பாரிகளையும் பெண்ணின் பொருளியல் ஆவணங்களாக வாசித்தால், திட்ட அறிக்கைகள் தராத ஒரு வரையறை கிடைக்கிறது. தாலாட்டில் குழந்தைக்கு மாமன் கொண்டுவரும் சீர் வரிசையாக அடுக்கப்படுகிறது. பாடுகிறவள் அந்த மாமனின் உடன்பிறந்தவள். ஒப்பாரியில் தாயை, தந்தையை, அண்ணனை இழந்தவள் பிறந்த வீட்டு வாசல் தனக்கு அடைபட்டதை நினைத்து அழுகிறாள். இனி தனக்குச் சீர் தர யார் என்று கேட்கிறாள்.

பெற்றவர்களுக்குச் சுமையாகத் தெரியும் அதே சீர், மகளின் பாட்டில் உரிமையாக ஒலிக்கிறது. பிறந்த வீட்டு நிலத்தில் பங்கில்லாதவளுக்கு அந்த வீட்டோடு இருக்கும் ஒரே பொருள் உறவு அது. வரதட்சணையைப் பேராசை என்று மட்டும் காட்டும் நாடகங்கள் இந்தப் பக்கத்தைத் தவறவிடுகின்றன. சீரை நிறுத்து என்று சொன்னால் மகளுக்குக் கிடைத்துவந்த கொஞ்சமும் போகும். நிலத்தில் பங்கு கொடு என்று சொன்னால்தான் கணக்கு மாறும்.

சட்டம் இதை எப்போதோ சொல்லிவிட்டது. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்களுக்குச் சம சொத்துரிமை கேட்டது. 1989 மார்ச் 25 முதல் செல்லும் தமிழ்நாட்டுத் திருத்தம் அதற்குமுன் மணமாகாத மகள்களுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் பங்களித்தது. 2005இல் மத்தியச் சட்டம் அந்த விலக்கையும் நீக்கியது. நடைமுறையில் அண்ணன்கள் பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு அழைக்கிறார்கள். சகோதரிகள் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள். போடாவிட்டால் பிறந்த வீட்டு வாசல் அடைபடும், பிள்ளைகளின் காதுகுத்துக்கு மாமன் வரமாட்டான். ஒப்பாரியில் அஞ்சியது வாழும்போதே நடந்துவிடும்.

இதுவும் ஊரறிந்த இரகசியம்தான். கையெழுத்துப் போட்டவளுக்கு, வாங்கிய அண்ணனுக்கு, சாட்சிக்கு நின்ற மாமனுக்கு, எழுதிய பத்திர எழுத்தருக்கு எல்லாருக்கும் தெரியும், பொதுவில் பேசுவதில்லை. பல கைகள் சேர்ந்து செய்வது, ஒருவரைக் குற்றவாளியாக்கித் தீராதது, அன்பின் பெயரால் நடப்பது. தருமபுரிக் கலைப்பயணத்தின் வலிமை எந்த வகைச் சிக்கலில் வெளிப்பட்டதோ, அதே வகைச் சிக்கல் இது. இங்கே போவாலின் முறையும் பொருந்தும்: பதிவாளர் அலுவலகக் காட்சியை நடத்தி, கையெழுத்துக்கு முன் நிறுத்தி, அந்தச் சகோதரியின் இடத்துக்கும் அண்ணனின் இடத்துக்கும் பார்வையாளரையே வரச்சொல்லலாம். சுயஉதவிக் குழுப் பெண்களில் பலர் தாங்களே அப்பத்திரத்தில் கையெழுத்திட்டவர்கள்; கலைப்பயணத்தில் ஆடியவர்கள் பலர் இன்று பெண்ணைப் பெற்றவர்கள். மாவட்டக் கலைக்குழுக்களுக்கு அரசு இன்றும் தரும் பாடுபொருள்களில் டெங்கு உண்டு, மழைநீர்ச் சேகரிப்பு உண்டு, வாக்குரிமை உண்டு. மகளின் பங்கு நிலம் அந்தப் பட்டியலில் சேர வேண்டும்.